குறைந்த செலவில் கேமிங் கணினி: எங்கள் கொட்டேஷன் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கேமிங் கணினி அசெம்பிள் செய்ய வருகிறவர்களில் பெரும்பாலோர் 60,000 முதல் 80,000 ரூபாய்க்குள் முடித்துத் தர வேண்டும் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நாங்கள் எழுதித் தரும் கொட்டேஷனை வாங்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் இன்னும் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, அதே தொகைக்கு மற்றொரு கடையில் கண்ணாடி கேபினட்டும் வண்ண விளக்கு ஃபேன்கள் ஆறும் தருகிறார்களே, நீங்கள் ஏன் தரவில்லை என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்போது அதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறோம்.

எந்த மானிட்டரில் ஆடப்போகிறீர்கள், என்ன கேம் ஆடப்போகிறீர்கள் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் நாங்கள் கணக்குப் போடுவதில்லை. 1080பி மானிட்டரில் ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600. 1440பி மானிட்டர் என்றால் 36,86,400, கிட்டத்தட்ட 1.8 மடங்கு வேலை. கார்டுக்கு அதிக வேலை வைக்காத வேலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை மட்டும் ஆடுகிறவருக்கு நடுத்தரமான கார்டே போதும். அவருக்கு நல்ல பிராசஸரும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும்தான் பயன்படும். கார்டைப் பிழிந்தெடுக்கும் சைபர்பங்க் 2077 போன்றவற்றை விரும்புகிறவர் கிடைக்கிற பணத்தையெல்லாம் கார்டில் போடுவதே சரி. பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 200 பிரேம் தரும் கணினி கேட்கிறவர்களிடம், அந்தத் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும் என்பதை வருத்தத்தோடு சொல்லி, மானிட்டருக்கும் சேர்த்தே தொகையைப் பிரிக்கச் சொல்கிறோம்.

மானிட்டர் நீங்கலாக 70,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எங்கள் வழக்கத்தில் 25,000 முதல் 28,000 வரை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவோம். இந்த ஒரு பொருளில்தான் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு வகைக் கார்டுகள் உண்டு. 2022-இல் வந்ததில் 8 ஜிபி நினைவகமும் 2,560 கோர்களும் (கணக்குப் போடும் அலகுகள்) இருந்தன. 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் கோர்கள் 2,304 ஆகக் குறைந்து, நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. அந்தச் சிறிய கார்டு மோசமானது என்று நாங்கள் சொல்லவில்லை. 70 வாட்டுக்குள் ஓடுவதால், அலுவலகத்திலிருந்து கழித்துவிடப்பட்ட பழைய கணினியில் பெரும்பாலும் தனி மின்கேபிள் இல்லாமலே செருகிவிடலாம். அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது. பெரிய கார்டின் பெயரைச் சொல்லி அதன் விலைக்கு இதை விற்பதுதான் தவறு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு வகைச் சிக்கல். அதில் 4 ஜிபிதான் நினைவகம், மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கே பாதைகள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 (அந்தப் பாதைகளின் பழைய, வேகம் குறைந்த தலைமுறை) மட்டும் உள்ள ஏ520 போர்டில் அதைப் போட்டால், இருக்கிற வேகத்திலும் ஒரு பகுதி போய்விடும். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு 8 ஜிபிக்குக் குறைந்த கார்டை நாங்களாகப் பரிந்துரைப்பதில்லை. 132 வாட் எடுக்கும் ஆர்எக்ஸ் 6600, 115 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டும் 1080பி ஆட்டத்துக்கு நாங்கள் நம்பிக் கொடுத்துவருபவை. இவற்றில் எது அந்த வாரம் நியாயமான விலைக்குக் கிடைக்கிறதோ அதை எழுதுகிறோம்.

பிராசஸரில் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ மாறினால் பொருளே மாறிவிடும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600, 5600ஜி, 5500 ஆகிய மூன்றுமே ஆறு கோர், பன்னிரண்டு திரெட்தான். ஆனால் 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) இருக்கிறது. மற்ற இரண்டிலும் 16 எம்பிதான், அவை பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-ஐத் தாண்டுவதுமில்லை. 5600ஜி-யில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு என்பதால், கார்டை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு அது பொருந்தும். கார்டையும் இன்றே வாங்குகிறவர் அந்த ஜி எழுத்துக்குப் பணம் கொடுப்பது வீண். இன்டெல் பக்கம் வருகிறவர்களுக்கு ஐ5 12400எஃப் எழுதுகிறோம். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு பழுதானால் திரையில் எதுவும் வராது.

ராம் விலையைப் பற்றித்தான் இப்போது தினமும் சண்டை. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லு தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்களுக்கான சரக்கின் பக்கம் திரும்பியதால், கடைகளில் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறை ராமின் விலையுமே ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்தத் தயாரிப்பாளர்களில் ஒன்றான மைக்ரான் தன் குருசியல் பெயரிலான சில்லறை விற்பனையை நிறுத்திக்கொள்வதாகவே அறிவித்தது. எங்கள் கொட்டேஷனில் ராம் விலைக்கு மட்டும் மூன்று நாள் கெடு போட்டிருப்பது இதனால்தான். உங்களை அவசரப்படுத்துவதற்காக அல்ல. ஏஎம்டி-யின் புதிய ஏஎம்5 சாக்கெட் (பிராசஸரைச் செருகும் இடம்) உள்ள போர்டு டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். அந்த சாக்கெட்டில் பின்னாளில் புதிய பிராசஸர் போட்டுக்கொள்ளலாம் என்ற நன்மை உண்மையானதுதான் என்றாலும், வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் இரண்டு கிடந்தால் அவற்றைக் கொண்டுவாருங்கள்; மேலே சொன்ன ரைசன்கள் பொருந்தும் பழைய ஏஎம்4 போர்டில் போட்டுச் சோதித்துவிட்டு, மிச்சமாகும் பணத்தைக் கார்டில் சேர்க்கலாம். புதிதாக வாங்கினாலும் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குவதே வேகம் தரும். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள திரை) எக்ஸ்எம்பி-யை, அதாவது ராமை அதில் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்காமல் விட்டால் 3200 ராம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வேறு இடங்களில் அசெம்பிள் செய்து சர்வீசுக்காக எங்களிடம் வரும் கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

இனி எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. எங்கள் கொட்டேஷனில் பேரத்துக்கு இடமில்லாத ஒரே வரி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். சென்ற கோடையில் ஒரு கல்லூரி மாணவரும் அவருடைய தந்தையும் ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, கார்டு பழுதாக இருக்குமோ என்பது அவர்கள் அச்சம். ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600. நல்ல பொருள்கள், புதியவை. எஸ்.எம்.பி.எஸ்-ஐக் கழற்றிக் கையில் எடுத்தபோதே அதன் எடை போதவில்லை என்று தெரிந்தது. மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று அச்சிட்டிருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருந்த கட்டத்தில் 12 வோல்ட் என்பதற்கு நேரே 16 ஆம்பியர். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். அந்தக் கார்டு 132 வாட் எடுக்கும், அந்தப் பிராசஸர் உச்சத்தில் 76 வாட் வரை எடுக்கும், கூட்டினால் 208. ஃபேனையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்க்கும் முன்பே கணக்கு உதைக்கிறது. கார்டில் ஒரு பழுதும் இல்லை. வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டி இரண்டு மணி நேரம் ஓடவிட்டுக் கொடுத்தனுப்பினோம். அணைந்துபோனதோடு நின்றது அவர்கள் நல்ல நேரம். சில நேரங்களில் அது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

எங்கே வாங்கினாலும் அந்தச் சிறிய கட்டத்தைப் படித்து, பெருக்கிப் பார்த்து வாங்குங்கள். 80 பிளஸ் ப்ரான்ஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைக் குறிக்கிறதே தவிர, பாதுகாப்புக்கான சான்று அன்று. ஆயினும் அந்தச் சோதனைக்கு அனுப்பப்படும் பொருளில் பொய்யான வாட் எண்ணை ஒட்டுவது கடினம். மேலே சொன்ன கணினிக்கு நல்ல 450 அல்லது 550 வாட் போதும். 850 வாட் கேட்டு வருகிறவர்களிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம், அதில் எங்களுக்கு லாபம் கூடுதல் என்றாலும்.

கேபினட் விஷயத்தில் எங்கள் பிடிவாதத்துக்குக் காரணம் நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. இல்லாத மாடி அறை பிற்பகலில் எப்படி இருக்கும் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றை எந்த ஃபேனாலும் தர முடியாது. முன்பக்கம் கண்ணாடியால் மூடியிருந்தால் அந்தக் காற்றும் உள்ளே போகாமல், சூடான காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும், கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலை உள்ள எளிய கேபினட், முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று போதும். விளக்கு வேண்டும் என்றால் பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

கேம்களை ஏற்றிவைக்கும் எஸ்எஸ்டி-யில் எதையும் பெரிதாக யோசிக்க வேண்டாம். என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) 1 டிபி முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் 512 ஜிபி. 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இரண்டு மூன்று ஏற்றினால் நிறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு பற்றியும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று கார்டுகளை ஓட்டி எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் முடிவுக்கு வந்ததும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதால் மட்டும் ஒரு கார்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுவதில் 2,304 கோர்களுக்குப் பதில் 2,048 மட்டுமே உள்ள வகையும் கலந்திருக்கிறது. பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் பழைய கார்டு விற்பதில்லை. வாங்க நினைக்கும் கார்டை விற்பவரோடு எடுத்து வந்தால் கார்டின் உள்விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் போட்டுக் காட்டுகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை.

யூபிஎஸ் பலருடைய கணக்கிலேயே இருப்பதில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். மேலே சொன்ன கணினியும் மானிட்டரும் அதற்குள் அடங்கும். மின்சாரம் போனால் ஆட்டத்தைச் சேமித்து அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். தொடர்ந்து ஆடுவதற்கு அது உதவாது.

கடைக்கு வரும்போது மானிட்டரின் மாடல் எண்ணையும், ஆட விரும்பும் மூன்று நான்கு கேம்களின் பெயரையும், பழைய கணினி இருந்தால் அதன் பக்கக் கதவைத் திறந்து எடுத்த படம் ஒன்றையும் கொண்டுவாருங்கள். தொகையைச் சொல்லும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதைச் சொல்லிவிடுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தரும்படி கேட்பவர்களுக்கு எங்களால் உதவ இயலாது. மூன்று ஆண்டு வாரண்டி உள்ள கார்டுக்கு இரண்டாம் ஆண்டில் நீங்கள் வந்து நிற்கும்போது நாங்கள் கேட்கப்போவது அந்தப் பில்லைத்தான். அசெம்பிள் செய்த கணினியை நீங்கள் விரும்பும் கேமை ஏற்றி, உங்கள் கண் முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகே ஒப்படைக்கிறோம் என்பதால், எடுத்துப்போக வரும் நாளில் சற்று நேரம் ஒதுக்கி வரவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளரும் சர்வீஸ் பிரிவினரும்