கடைசி செமஸ்டரிலிருந்து அம்மாவுக்கு

கோட்டிங்கன், ஜெர்மனி
14 ஜூன் 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல நினைத்ததில் பாதி மறந்துபோகிறது. நீயும் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதைத் தாண்டுவதற்குள் சத்துணவுக் கூடத்துக்கு நேரமாகிவிடுகிறது. பள்ளி திறந்த நேரம் வேறு. இருப்பு, பதிவேடு, புதுப் பிள்ளைகள் கணக்கு என்று உனக்குத் தலைக்குமேல் வேலை இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, இங்கே கடைகள் எல்லாம் அடைப்பு, நானும் ஆய்வகத்துக்குப் போகவில்லை. தம்பியிடம் சொல்லி இதை அச்செடுத்து வாங்கி, ஆற அமர வாசி. அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு. கடைசியில் உங்கள் இரண்டு பேரிடமும் ஒன்று கேட்கப் போகிறேன்.

"கடைசி செமஸ்டர்ங்கிற, பரீட்சை என்னைக்குன்னு சொல்லவே மாட்டேங்கிறியே" என்று கேட்டாய். எனக்கு இனிப் பரீட்சை இல்லை அம்மா. இயற்பியல் முதுகலைக்கு இங்கே மொத்தம் 120 கிரெடிட். அதில் 30 கடைசி ஆய்வேட்டுக்கு. பதிவு செய்த நாளிலிருந்து ஆறு மாதம் தருவார்கள். என் கெடு செப்டம்பரில் முடிகிறது. அதுவரை வகுப்பு கிடையாது, ஹால் டிக்கெட் கிடையாது. எத்தனை மணிக்கு வந்தாய், எப்போது போனாய் என்று கேட்கவும் ஆள் கிடையாது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் குழு கூடும். அந்த வாரம் என்ன கண்டேன் என்று அங்கே சொல்ல வேண்டும். ஒன்றும் காணவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும், ஏன் காணவில்லை என்ற காரணத்தோடு.

அப்படி எதைத்தான் பார்க்கிறாய் என்று அப்பா கேட்பார். உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். அண்டா கழுவும்போது சோப்புத் தண்ணீரில் எண்ணெய் துளித்துளியாக மிதக்குமே, அதைத்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறேன். ஒவ்வொரு துளியும் தலைமுடியின் தடிமன் அளவுதான் இருக்கும். தண்ணீரில் சோப்பு போதிய அளவு இருந்தால், யாரும் தள்ளாமலே அந்தத் துளி நீந்தத் தொடங்கும். எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பில் கரையும்போது, துளியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் பரப்பு இழுவிசை மாறுபடுகிறது. அந்த வேறுபாடே அதை இழுத்துக்கொண்டு போகிறது. தான் போன வழியில் கரைந்த எண்ணெயை விட்டுச் செல்வதால், அதே வழியை மறுபடி குறுக்கிட வந்தால் விலகித் திரும்பிவிடுகிறது. உயிர் இல்லை, கண் இல்லை, ஆனாலும் தன் பழைய தடத்தை அறிந்த மாதிரி நடந்துகொள்கிறது. எத்தனை துளிகள் சேர்ந்தால் ஒன்றின் தடம் மற்றொன்றின் வழியை மறிக்கும் என்பதுதான் என் கேள்வி. சில நாள் இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் ஆய்வகத்தை விட்டு வெளியே வருகிறேன். பயப்படாதே, ஜூன் மாதத்தில் இங்கே அந்த நேரத்திலும் வானத்தில் வெளிச்சம் இருக்கும்.

ஊரில் கல்லூரியில் நான் படித்தது உனக்கு நினைவிருக்கும். 75 சதவீதம் அட்டெண்டன்ஸ், அதற்குக் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம், இன்டர்னல் மார்க்குக்காக ஒவ்வொருவர் முன்னும் கைகட்டி நின்றது. அரியர் விழுந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். இங்கே யாரும் வருகை எடுப்பதில்லை. பத்து மணி என்று போட்டிருந்தால் விரிவுரை பத்தேகாலுக்குத் தொடங்கும்; அந்தக் கால் மணி நேரம் பழைய காலத்து வழக்கம். முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். முதன்முறை கேட்டபோது மழை பிடித்துக்கொண்டதோ என்று ஜன்னலைப் பார்த்தேன். மதிப்பெண்ணும் நமக்குத் தலைகீழ். 1.0தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. பெரும்பாலான பாடங்களை மூன்று முறை எழுதலாம். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. ஆக இங்கே எல்லாம் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

சில பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வுதான். பேராசிரியர் எதிரே உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒருவர் குறிப்பெடுப்பார், அரை மணி நேரம். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். "எனக்கு இது தெரியவில்லை, ஆனால் இப்படி யோசித்துப் பார்க்கிறேன்" என்று நான் சொன்னபோது, அவர் தன் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். இருவருமாக அந்தக் காகிதத்தில் கணக்கைப் போட்டோம். தெரியாததைச் சொல்லவும் மதிப்பு உண்டு என்று எனக்குப் புரிந்த நாள் அது. என் படிப்பில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நான் மதியம் சாப்பிடும் இடத்துக்கு நார்ட்மென்சா என்று பெயர், அதாவது வடக்கு வளாகத்தின் சாப்பாட்டுக்கூடம். மாணவர் நலனுக்கென்றே உள்ள பொது அமைப்பு நடத்துகிறது. நாங்கள் செமஸ்டருக்குக் கட்டும் தொகையில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஒரே சாப்பாட்டுக்கு மூன்று விலை. மாணவருக்குக் குறைவு, பணியாளருக்குக் கொஞ்சம் கூட, வெளியாட்களுக்கு அதைவிடக் கூட. அடையாள அட்டையைக் காட்டினால் மெஷினே பணத்தை எடுத்துக்கொள்ளும். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு துறைத் தலைவர் நிற்பார், பின்னால் முதலாண்டுப் பையன் நிற்பான். யாரும் யாருக்கும் வழிவிடுவதில்லை, யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. சாப்பிட்டு முடித்து எச்சில் தட்டை ஓடும் பட்டையில் வைத்தால் அது சமையலறைக்குள் போய்விடும். உருளைக்கிழங்கை எத்தனை விதமாகச் செய்ய முடியும் என்று இங்கே வந்துதான் கற்றேன். உப்பும் காரமும் குறைவு. கடலைமிட்டாய் தூளைக்கூட ஒருநாள் தயிரில் போட்டுச் சாப்பிட்டேன். நீ அனுப்பிய கோவில்பட்டி கடலைமிட்டாய் எங்கள் குழுவில் ஒரே மதியத்தில் தீர்ந்துவிட்டது. அதற்குப் புவிசார் குறியீடு உண்டு, 2020இல் கிடைத்தது என்று சொன்னேன். அதற்கப்புறம் இன்னும் மரியாதையோடு சாப்பிட்டார்கள்.

ஒவ்வொரு நாளும் அந்த வரிசையில் நிற்கும்போது உன்னை நினைக்கிறேன் அம்மா. படிக்கிற பிள்ளையின் வயிறு ஊரின் பொறுப்பு என்பதை இவர்கள் சட்டதிட்டத்தோடு செய்கிறார்கள். நம் ஊரில் 1982இல் சத்துணவு வந்தது முதல் உன் போன்றவர்கள்தான் அதைச் சுமக்கிறீர்கள். முட்டை எண்ணி, அரிசி அளந்து, காலமுறை ஊதியம் கேட்டு வெயிலில் போராட்டத்தில் உட்கார்ந்து. குழுவில் ஒரு நாள் உன் வேலையைப் பற்றிப் பேசினேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் சமைத்துச் சூடாகப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் போடுகிறார்கள் என்றதும் மேசையில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன ஊர்தான், ஆனால் தெருவில் நடந்தால் வீட்டுச் சுவரெல்லாம் பெயர்ப்பலகை. இந்த வீட்டில் இன்ன அறிஞர் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை குடியிருந்தார் என்று வெள்ளைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கணித மேதை கவுஸ் இங்கேதான் வாழ்ந்தார். அவரும் இயற்பியலாளர் வேபரும் 1833இல் ஊர்க்கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்துத் தந்தி அனுப்பிப் பார்த்தார்கள். நான் தேடிப் போனது எம்மி நோய்தர் என்ற கணித மேதையின் பெயரை. 1915இல் இங்கே கணிதப் பேராசிரியர்களாக இருந்த ஹில்பர்ட்டும் க்ளைனும் அவரை அழைத்தார்கள். பெண் என்பதால் பாடம் நடத்தும் உரிமையைப் பல்கலைக்கழகம் தர மறுத்தது. அதனால் அவருடைய விரிவுரைகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1919இல்தான் அவருக்கு அந்த உரிமை கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் சம்பளம் இல்லை. இயற்கையில் எங்கெல்லாம் ஒரு சமச்சீர் இருக்கிறதோ அங்கெல்லாம் மாறாமல் காக்கப்படும் ஓர் அளவும் இருக்கும் என்று நிறுவியவர் அவர். நாங்கள் படிக்கும் இயற்பியல் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. 1933இல் ஹிட்லர் ஆட்சி யூதர் என்பதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கியது. அமெரிக்கா போனார், 1935இல் இறந்துவிட்டார்.

அதே 1933இல் இங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த மாக்ஸ் போர்னையும் விரட்டினார்கள். இதை நீ தம்பிக்கு அவசியம் சொல்ல வேண்டும். விரட்டப்பட்ட அந்த மனிதரை நம் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் பெங்களூருக்கு அழைத்தார். 1935 முடிந்து 1936 பிறந்த அந்தக் குளிர்காலத்தைப் போர்ன் இந்திய அறிவியல் கழகத்தில் கழித்தார். அவரை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் முயன்றும் நடக்கவில்லை. போர்ன் எடின்பரோ போய்விட்டார். நடந்திருந்தால் நம் நாட்டு இயற்பியல் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1954இல். அவர் கல்லறை இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, பெயருக்குக் கூடவே அவருடைய சமன்பாட்டையும் செதுக்கியிருக்கிறார்கள். மாக்ஸ் பிளாங்க், ஓட்டோ ஹான் என்ற பெரிய விஞ்ஞானிகளின் கல்லறைகளும் அங்கேதான் இருக்கின்றன. மரங்களும் ஒரு குளமும் உள்ள இடம். போன மாதம் பூ வாங்கிக்கொண்டு போய்ப் போர்னின் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தேன். உலகமே திரும்பிப் பார்த்த ஒரு பல்கலைக்கழகம் சில மாதங்களில் தன் ஆட்களை இழந்தது. இன்றைக்கு அவர்கள் பெயரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறது. எழுதியது நல்லது. ஆனால் மனிதர்களைக் காப்பாற்றாமல் பலகையை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை என்றும் அங்கே நின்றபோது தோன்றியது.

இப்போது கேட்க வேண்டியது.

போன வாரம் எங்கள் குழுவில் ஓர் அக்கா முனைவர் பட்டம் முடித்தார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. பழைய நகர மன்றத்தின் முன்னால் நீரூற்றின்மேல் வாத்து மேய்க்கும் சிறுமியின் சிலை ஒன்று, 1901இல் வைத்தது. தேர்வில் வென்றவரை அலங்கரித்த கைவண்டியில் உட்காரவைத்து நண்பர்கள் ஊர் நடுவே இழுத்துப் போவார்கள். அவர் ஏறிச் சிலைக்கு முத்தம் கொடுத்துப் பூ வைப்பார். ஒரு காலத்தில் போலீஸ் அதற்குத் தடை போட்டும் யாரும் கேட்கவில்லையாம். நானும் வண்டி இழுத்தேன். அந்த அக்காவின் அம்மா கூட்டத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

எனக்கும் அது வேண்டும் அம்மா. எங்கள் பேராசிரியர் முனைவர் பட்ட இடம் ஒன்றைத் தருகிறேன் என்கிறார், ஜனவரியில் தொடக்கம். "இன்னும் படிப்பா" என்று உன் மனம் உடனே கேட்கும். இங்கே அது கட்டணம் கட்டிப் படிக்கும் படிப்பில்லை, ஒப்பந்தம் போட்ட வேலை. அரசு ஊதிய விகிதத்தில் 13ஆம் தரம், அதில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோ தருவார்கள். மருத்துவக் காப்பீடு உண்டு, ஓய்வூதியத்துக்கும் பிடிப்பார்கள். மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நான் வரும்போது, இங்கே ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முடக்கக் கணக்கில் போட்ட 11,904 யூரோவுக்காக நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய், பெரியப்பா ஜாமீன், கூட்டுறவு வங்கியில் உன் நகை. இப்போது முதலாண்டு மாணவர்களின் கணக்குத் தாள் திருத்தி வரும் பணத்தில் என் செலவு ஓடுகிறது. ஜனவரியிலிருந்து கல்விக்கடன் தவணை முழுதும் என் பொறுப்பு, முதலில் உன் நகை திரும்பும்.

நேரே வேலைக்குப் போவதென்றாலும் பட்டம் முடித்த பின் தேட 18 மாத அனுமதி உண்டு. அந்த வழி அடைபடவில்லை. ஆனால் அந்தத் துளிகளை இப்போதே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நீ பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். கணக்கில் உனக்கு எவ்வளவு மார்க் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் இதை உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன்.

ஜூலை முடிவதற்குள் பேராசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு அக்டோபரில் வருகிறேன், தீபாவளிவரை இருப்பேன். அத்தை கல்யாணப் பேச்சை எடுத்தால் இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. அடுத்த ஞாயிறு உங்கள் நேரம் மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். அப்பாவை வெளியே அனுப்பிவிடாதே, இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள்.

உன் அன்பு மகள்