பட்டியல் முதலில், மண்டபம் பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோயிலில் தாலி கட்டி, நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் இலை போட்டால் போதும் என்று மனதார விரும்பும் இளையோர் மலேசியத் தமிழரான நம்மிடையே உண்டு. அவர்களில் பலரும் கடைசியில் எண்பது மேசை விருந்தில் போய் நிற்பதற்குக் காரணம், வேலைகளைச் செய்யும் வரிசை.

முதலில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். மண்டபக்காரர் மேசைக் கணக்கில்தான் பேசுவார்: மேசைக்குப் பத்துப் பேர், இத்தனை மேசைக்குக் குறையக்கூடாது. பிறகு அந்த எண்ணை நிரப்பவே பெயர் தேடுகிறார்கள். அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்தவர், அத்தையின் பக்கத்து வீட்டார் என்று பட்டியல் நீளும். ஒருவரைக் கூப்பிட்டு அவர் தம்பியை விட முடியுமா?

ஆகவே பட்டியலை முதலில் எழுதுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியே உட்கார்ந்து, "இவர் வராவிட்டால் மனசு கேட்காது" என்று தோன்றும் பெயர்களை மட்டும் எழுத வேண்டும். இரு வீட்டுக்கும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பேசுங்கள். "சிம்பிளா செஞ்சிடலாம்பா" என்று சொன்னால், அப்பா மனதில் சிம்பிள் என்பது நானூறு பேர். நூறு என்றால் நூறு என்றே சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு வாங்கும் கடனின் கணக்கையும் அதே தாளில் எழுதிக் காட்டுங்கள். ஆண்டுக்கு 8 விழுக்காடு ஃபிளாட் வட்டியில் 30,000 வெள்ளியை (ரிங்கிட்) ஐந்தாண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 12,000. மாதம் 700 வெள்ளி, 60 மாதம். அசல் குறையக் குறைய இந்த வட்டி குறையாது என்பதால் உண்மையில் அது 14 விழுக்காட்டுக்கு அருகில் வருகிறது. முதல் பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகும்போதும் ஒரு நாள் விருந்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். 2024 மே முதல் ஊழியர் சேமநிதியின் (EPF) மூன்றாம் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்றாகிவிட்டது. அதிலும் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

திருமணப் பதிவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. சட்டம் கேட்பது பதிவாளர், இருவரின் சம்மதம், நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகள். எண்ணூறு பேரை அது கேட்கவில்லை. திருமண அறிவிப்பைப் பதிவாளர் வெளியிட்டபின் 21 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் திருமணம் நடந்துவிட வேண்டும். இதை மறந்து முகூர்த்தம் குறித்துவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. கோயிலில் துணைப் பதிவாளர் இருந்தால் தாலி கட்டும் அன்றே பதிவையும் முடிக்கலாம். நாள் குறிக்கும் முன்பே கோயில் அலுவலகத்தில் கேளுங்கள்.

வீடு வாங்க வேண்டும் என்று முதலில் திருமணத்தைப் பதிந்துகொண்டு, பெரிய விருந்துக்குப் பணம் சேரட்டும் என்று தாலியை ஓராண்டு தள்ளிப்போடுவதும் வழக்கமாகிவிட்டது. "இன்னும் கல்யாணம் ஆகலையே" என்று வீட்டார் பேசுவார்கள். கையெழுத்திட்ட நொடியிலிருந்து அவர்கள் கணவன் மனைவி. இடையில் மனம் முறிந்தால் நீதிமன்றம்தான் போக வேண்டும். விதிவிலக்கான சூழலோ கடும் துன்பமோ இருந்தாலொழிய முதல் இரண்டு ஆண்டுக்குள் மணவிலக்கு மனுவே போட முடியாது. ஊருக்காகத் தள்ளிப்போடும் அந்த ஓராண்டில் இந்த ஆபத்து இருப்பதைப் பெற்றோரும் அறிய வேண்டும்.

மொய்தான் கடினமான இடம். "எத்தனை கல்யாணத்துக்குப் போய் வெச்சிருக்கோம்" என்று அம்மா சொல்வதில் வெறும் பணக்கணக்கு மட்டுமில்லை, பந்தமும் இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. அழைக்க முடியாத பெரியவர்களின் வீட்டுக்குத் தாலி கட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு இருவரும் நேரில் போய், சிறிய அளவில் செய்கிறோம் என்று சொல்லி ஆசி வாங்க வேண்டும். தாய்மாமன் பட்டியலில் இருந்தாலும் முதல் வீடு அவருடையதாகவே இருக்கட்டும். பெரும்பாலான மனத்தாங்கல், வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துத்தான் செய்தியே தெரிந்தது என்பதில் தொடங்குகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்