நீச்சல் குளத்தில் தொடங்கும் கதை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் இளையோர் நாவல்கள் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அமெரிக்க எழுத்தாளர் பெஞ்சமின் அலிரே சாயென்ஸை எப்படி விட்டீர்கள்? 1954இல் நியூ மெக்சிகோவில் பிறந்தவர். கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்து விலகியவர். தன்பாலீர்ப்பாளர் என்று வெளியே சொன்னபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

2012இல் வந்த அவருடைய அரிஸ்டாட்டில்–டான்டே நாவல், 1987ஆம் ஆண்டின் டெக்சாஸ் நகரமான எல் பாசோவில் நடக்கிறது. நீச்சல் குளத்தில், நீந்தத் தெரியாத அரிஸ்டாட்டில் என்ற பையனுக்குக் கற்றுத்தர டான்டே என்ற இன்னொரு பையன் முன்வருகிறான். இருவருமே மெக்சிகோ வம்சாவளி. அந்த நட்பு காதலாவதற்குள் எவ்வளவு பேச்சு, எவ்வளவு மழை! கடைசியில் அரிஸ்டாட்டிலின் மனதை அவனுக்கே எடுத்துச் சொல்வது அவனுடைய பெற்றோர்தான். அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி