இலைக் கணக்கைக் குறைச்சாலே பாதிச் செலவு மிச்சம்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன தை மாசம் என் தங்கச்சி கல்யாணத்தைக் கோயில்ல வச்சு, பக்கத்துல ஒரு சின்ன ஹால்ல மதியச் சாப்பாடு மட்டும் போட்டு முடிச்சோம். முதல்ல ஒரு பெரிய மண்டபத்துலதான் விசாரிச்சோம், வாடகை ஒண்ணு சொன்னாங்க, அப்புறம் ஜெனரேட்டர் தனி, கிளீனிங் தனி, கேஸ் தனின்னு கூட்டிக்கிட்டே போனாங்க, அம்மா பேசாம எந்திரிச்சு வந்துட்டாங்க.

செலவை ஏத்துறதே இலைக் கணக்குதாங்க. சமையல் மாஸ்டர் 600 இலைன்னார், நாங்க பத்திரிகை வச்ச வீடுகளுக்கெல்லாம் ஒரு தடவை போன் போட்டு எத்தனை பேர் வர்றீங்கன்னு கேட்டோம், 280தான் வந்துச்சு. அதுலயும் பந்தி முடிஞ்சப்ப நான் பார்த்தேன், மூடுன இலைக்குள்ள கைபடாத ஜாங்கிரியும் வடையும் அப்படியே கிடந்துச்சு, மனசு பதறிடுச்சு. மூணு ஸ்வீட் எதுக்குங்க, ஒண்ணு போதுமே!

முகூர்த்தப் பட்டுப்புடவையைத் தவிர மத்த துணியெல்லாம் தறிக்காரர்கிட்டயே நேரா எடுத்தோம். மேடைக்கு வாழைமரம், தோரணம், சாமந்தி மாலை, அவ்ளோதான்.

இன்னொண்ணு, கோயில்ல முடிச்சாலும் கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-படி 90 நாளுக்குள்ள. நிறைய பேர் இதை விட்டுட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு அலையுறாங்க. கோயில் ரசீதைப் பத்திரமா வச்சுக்கோங்க, சார்பதிவாளர் ஆபீஸ்ல எங்ககிட்ட அதைத்தான் முதல்ல கேட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை