வெள்ளவத்தையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகள்,

இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய படங்களை அம்மா அயலட்டை முழுக்கக் காட்டிவிட்டா. எனக்கு ஒன்றுதான் சரிப்படவில்லை. கடற்கரையில் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று எடுத்தாயே, அது. பெரிதாக்கிப் பார்த்தேன். உனக்குப் பின்னால் சிக்னல் பச்சையாக எரிகிறது. அந்தப் பச்சை படத்தில் தெரிகிறதென்றால், படம் எடுத்த பிள்ளையின் முதுகுப் பக்கத்தால் வரும் கோச்சிக்கு வழி விட்டிருக்கிறார்கள். அவள் கண்ணோ போனுக்குள். உன் கண் அவள் போனில்.

உங்கள் வயதுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. 1990இல் யாழ்தேவிக் கோச்சி நின்ற பிறகு இங்கே தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. மிஞ்சிய மேட்டில் சனம் நடந்து திரிந்தது. 2014 ஒக்டோபரில் கோச்சி திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. அதைப் பார்க்க ஓடிப் பழகினீர்களே தவிர, விலகி நிற்கப் பழகவில்லை. சண்டைக்கு முந்திய ஆட்கள் இன்றைக்கும் கேற் இல்லாத கடவையில் சைக்கிளால் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துத்தான் உருட்டுவார்கள்.

கொழும்புப் பாதை வேறு மாதிரி. எங்கள் பக்கம் ஒற்றைப் பாதை, ஒரு கோச்சி போனால் அதோடு சரி. அங்கே இரட்டைப் பாதை. கோட்டைப் பக்கம் போகிற கோச்சி கடந்ததும் நீ கால் வைப்பாய்; அது மறைத்த மற்றப் பாதையில் பாணந்துறைக் கோச்சி வந்துகொண்டிருக்கும். முதல் கோச்சியின் இரைச்சலில் இதன் சத்தம் கேட்கவே கேட்காது. கடைசிப் பெட்டி தூரப் போய், இரண்டு பாதையும் வெளிப்பாகத் தெரியும்வரை நில். கடல் இரைச்சல் போதாதென்று காதில் இயர்போன் வேறு வேண்டாம்.

ஓரமாகத்தானே நடக்கிறோம் என்பாய். தண்டவாளங்களுக்கு இடையில் ஐந்தரை அடி. பெட்டியோ இரண்டு பக்கமும் இரண்டடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு வரும். அதற்கும் வெளியே, வாசலில் தொங்குகிற ஒபிஸ் ஆட்கள். சாரதி உன்னைக் கண்டாலும் ஹோர்ன் அடிக்கலாம், பிரேக் போடலாம், அவ்வளவுதான். இரும்பில் உருளும் இரும்புச் சில்லு, வேகத்தில் வந்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஒதுங்கிக்கொள்ள அதால் ஏலாது. பம்பலப்பிட்டிக்கு நடக்கத்தான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே மரைன் டிரைவ் வீதி கிடக்கிறது. அதே கடல், அதே காற்று.

இங்கே வந்து ஸ்கூட்டர் எடுக்கும்போதும் ஒரு கதை. வீதி சரிவாகக் குறுக்கறுக்கிற கடவைகளில் முன்சில்லு தண்டவாளப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும், மழைக்கு வழுக்கவும் செய்யும். வேகத்தைக் குறைத்து, கூடியவரை நேராக வெட்டிக் கடந்துவிடு. நடுவில் நின்றுபோய், பெல் அடிக்கத் தொடங்கினால் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடு. அம்மா கத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நல்லூர்த் தேருக்கு வர டிக்கெட் போட்டுவிட்டாயா? சீட் கெதியாக முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் கோச்சி முழுதாக நின்ற பிறகு இறங்கு. பொதிகளை நான் வந்து தூக்குகிறேன்.

அன்புடன்,
அப்பா