புத்தகப் பையில் கஞ்சாவை மட்டும் தேடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போதைப் பழக்கம் என்றதும் கஞ்சாப் பொட்டலத்தையே நினைத்துக்கொள்ளும் பெற்றோர், பிள்ளையின் புத்தகப் பையில் கிடக்கும் வலிநிவாரணி மாத்திரை அட்டையையோ, உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொதியையோ, போதைக்காக முகரும் பசை தோய்ந்த கைக்குட்டையையோ கண்டும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரின் சீட்டு இன்றி விற்கக் கூடாத டேபென்டடால் என்ற வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் விபரீதம் தமிழகத்தில் தலைதூக்கியிருப்பதால், காரணம் சொல்லாத ஊசித் தழும்பும், கோடையிலும் கழற்றாத முழுக்கைச் சட்டையும் கவனிக்கத் தக்கவை. கஞ்சாவால் கண் சிவக்கும் என்பது உண்மையே. தேர்வுக்காக இரவெல்லாம் விழித்த பிள்ளைக்கும் கண் சிவக்கும். ஆகவே ஒற்றை அறிகுறியைக் கொண்டு தீர்ப்பு எழுதாமல், பழைய நண்பர்களை விட்டு விலகுவது, வீட்டில் சிறு தொகைகள் காணாமற்போவது, உறக்க நேரம் தலைகீழாவது ஆகியவை சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்டறிந்த அன்றே பெல்ட்டை உருவும் தந்தையிடம் எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை உண்மை பேசுவதில்லை.

போதை மீட்பு ஆலோசனைக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணைக் குடும்பத்தினரும் அழைக்கலாம். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவின்படி, 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கிறது. மதிப்பெண் பட்டியலோடு முடிந்துவிடும் பெற்றோர் கூட்டங்களில் இவற்றை விளக்க, பள்ளிக் கல்வித்துறை அரை மணி நேரமாவது ஒதுக்க உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மதுரை.