புது டீச்சரை முதல் நாளே தனியாக வகுப்புக்குள் விடாதீர்கள்

பத்திராதிபர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் பாடசாலைக்குப் புது டீச்சர் ஒருவர் வந்தார். கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்த பிள்ளை, காலை பஸ்ஸில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நியமனக் கடிதத்தோடு வந்து இறங்கினார். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அன்றைக்கு லீவு போட்டிருந்த ஒருவரின் தரம் 9 வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். இடைவேளைக்கு ஓய்வறைக்கு வந்தபோது பிளேன்டி கோப்பையைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. "அக்கா, எனக்கு இந்த வேலை சரிவராது போல" என்று சொல்லிவிட்டு அழுதார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

நான் 2015இல் ஆசிரிய உதவியாளராக வேலைக்கு வந்தவள். அப்போது மாதக் கொடுப்பனவு 6000 ரூபாய். உயர்தரம் முடித்த எங்களை முதலில் வகுப்பில் நிறுத்திவிட்டு, பிறகுதான் ஆசிரியர் கலாசாலைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் எனக்குக் கிடைத்தது தரம் 7, புவியியல், ஆறுகள் பற்றிய பாடம். முந்தின இரவு முழுக்க விழித்திருந்து குறிப்பெடுத்தேன். காலையில் கதவருகே போய் நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்பது நிமிடப் பாடத்தைப் பதினைந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன், அவ்வளவு வேகம். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கரும்பலகையை இரண்டு தடவை அழித்தேன்.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியில் சொல்வதில்லை. நான் மலையகத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் இருக்கிற வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். படிக்கிற காலத்தில் எங்கள் பேச்சைக் கேட்டு "தோட்டத்துப் பேச்சு" என்று சிரித்த ஆசிரியர்களிடமும் படித்திருக்கிறேன். அதனால் டீச்சர் ஆனால் புத்தகம் மாதிரித்தான் பேச வேண்டும் என்று மனதில் பதிந்துபோயிருந்தது, ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் ஒருமுறை திருத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். போதாக்குறைக்கு முன்வரிசையில் எங்கள் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன், நேற்றுவரை என்னை அக்கா என்று கூப்பிட்டவன். அப்போது ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், நம்ம கொத்மலை ஓயா தண்ணி கடைசியில எங்கதான் போவுது?" என்று கேட்டாள். நானும் யோசிக்காமல், "மகாவலியில போய்ச் சேருது புள்ள, அப்புறம் அது சுத்திக்கிட்டுப் போய் திருகோணமலைப் பக்கம் கடல்ல விழுது" என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. நம் வீட்டுப் பின்னால் ஓடுகிற தண்ணீர் 335 கிலோமீற்றர் நீளமான ஆற்றோடு கலந்து திருகோணமலைக் கடலுக்குப் போகிறது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. மணி அடிக்கும்வரை கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். என் கை எப்போது நடுக்கத்தை விட்டது என்று எனக்கே தெரியாது.

புதிதாக வருகிற தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதைச் சொல்கிறேன். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடிக்கும், வாய் காயும், குரல் ஏறிப்போகும். எல்லோருக்கும் அப்படித்தான். உங்களுக்குள் நடப்பதில் பாதிகூடப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாது. முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முதல் ஐந்து நிமிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை மட்டும் வீட்டில் வாய்விட்டு நாலைந்து தடவை சொல்லிப் பாருங்கள், மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது உதவாது. போத்தலில் சுடுதண்ணீர் கொண்டு போங்கள், எங்கள் குளிருக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும். மணி அடிக்க முன்னமே வகுப்புக்குப் போய்த் திகதியையும் தலைப்பையும் எழுதிவிட்டு, வருகிற பிள்ளைகளைக் கதவருகே நின்று பாருங்கள். பிறகு ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் பெயரையும் பிடித்த விஷயம் ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் குனிந்து எழுதுகிற அந்த நாலு நிமிடத்தில் உங்கள் மூச்சு ஒரு நிலைக்கு வந்துவிடும்.

அப்புறம், கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லாதீர்கள். பயத்தில் இருப்பவருக்கு ஒரு நொடி அமைதிகூடத் தாங்காது. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகள் நீளமாக, யோசித்துப் பதில் சொல்கிறார்கள் என்று கண்டார். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். எங்கள் பிள்ளைகள் கூச்ச சுபாவம், அவர்களுக்கு அந்த மூன்று நொடி கட்டாயம் வேண்டும்.

இதெல்லாம் ஆசிரியர் தன் பக்கத்தில் செய்யக்கூடியது. பாடசாலையும் ஏதாவது செய்ய வேண்டாமா? அந்தப் புது டீச்சரை மறுநாள் என் தரம் 6 வகுப்புக்குக் கூட்டிப்போனேன். இரண்டு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தித் தந்தார், பெயர்களைப் பழகிக்கொண்டார். மூன்றாம் நாள் இருபது நிமிடம் அவர் படிப்பித்தார், நான் பின்னால் இருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறித் திரும்பி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், தொடர்ந்துவிட்டார். நாலாம் நாள் நான் போகவில்லை.

ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும், ஒரு வகுப்பு சும்மா கிடந்தால் பக்கத்து வகுப்பும் கெட்டுப்போகும் என்பதும் தெரியும். ஆனாலும் அதிபர்களையும் நேரசூசி போடுகிற பகுதித் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன், புதிதாக வருகிறவரை முதல் மூன்று நாளைக்கு யாராவது ஒரு மூத்த ஆசிரியரோடு சேர்த்துவிடுங்கள், லீவு போட்டவரின் வகுப்பைப் பார்க்க அந்த மூன்று நாளும் வேறு ஆளை அனுப்புங்கள். அவர்கள் வகுப்புக்குள் போகுமுன், அந்தப் பிள்ளைகளிடம் நீங்களே ஒரு தடவை இவர் இன்னார் என்று அறிமுகப்படுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
தலவாக்கலை.